குழந்தையின் கண்கொண்டு

மார்கழிப் பனி கண்டி வாவியின்மேற் படர, நத்தாரும் நம் வாயிலை அணுகுகின்றது. இல்லந்தோறும் பாலன் குடில் எழுகின்றது. சிறுவர்கள் அதன்முன் இமைகொட்டாது நிற்கின்றனர். நாமோ பலகாரச் செலவை எண்ணியவாறே அதனைக் கடந்து செல்கின்றோம். பழகிய கதையில் வியப்பதற்கு யாதுளது என்பது நம் நினைப்பு.

இக்குறை இன்று தோன்றியதன்று. 1223ஆம் ஆண்டில், இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரிலே, அசிசி நகர்ப் பிரான்சிசு முனிவர் வைக்கோலைப் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நத்தார் இரவைக் கொண்டாடினார். காதாற் கேட்டதை மக்கள் கண்ணாலும் காணவேண்டும் என்பதே அவர் அவா.

அத்தகைய தொண்டினைக் கண்டியிலும் ஓர் ஓவியர் ஆற்றினார். 1935இல் அர்ப்பணிக்கப்பெற்ற திரித்துவக் கல்லூரி ஆலயத்தின் செதுக்குக் கற்றூண்கள், கண்டியரசர் காலத்துக் கலையை நினைவூட்டுவன. அதன் சுவரிலே டேவிட் பெயின்ரர் தீட்டிய இயேசு, தாடியற்ற இளைஞராய்ச் சிலுவையில் தொங்குகின்றார். பின்னே தெரிவது கண்டற்காடு! "இவர் நம்மூரவரா?" என்று குழந்தையொன்று வினவினால், அஃது அறியாமையன்று. தொழுவத்திற் பிறந்தவர் நம்மவரே என்பதன்றோ நத்தாரின் செய்தி? மூத்தோர் கேட்க மறந்த வினாவும் அதுவே.

குழந்தையாதல் என்பது அறிவைத் துறப்பதன்று. அறிந்ததனை முதன்முறை காண்பதுபோற் காண்பதாகும். ஆகவே, இவ்வாண்டு குடிலருகே உங்கள் பிள்ளை வினாவெழுப்பினால், "பிறகு பார்ப்போம்" என்னாது, அதன் பக்கத்தில் அமர்ந்து நீங்களும் சற்றே நோக்குங்கள்.