எஞ்சிய கண் உழைப்பினால் தேயாது

யுத்தம் எமது பெண்களின் உடலில் விட்டுச்சென்ற காயங்களில் பல வெளியே தெரிபவை. கால் இழந்தவரைக் கண்டதும் நாம் எழுந்து இருக்கை கொடுக்கிறோம். ஆனால் ஒரு கண்ணின் பார்வையை இழந்த பெண்ணை அடையாளம் காண்பதே அரிது. அவர் நடக்கிறார், சமைக்கிறார், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறார். "மற்றக் கண் இருக்குத்தானே" என்ற ஒரு வசனத்தோடு அவருடைய கதை முடிந்துவிடுகிறது.

கணக்கெடுப்புகளிலும் இதே நிலைதான். உலக சுகாதார நிறுவனம் பார்வைக் குறைபாட்டின் அளவை, இரு கண்களில் எது நன்றாகத் தெரிகிறதோ அந்தக் கண்ணை வைத்தே தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு கண் முற்றாகப் போனாலும், மற்றது தெளிவாகத் தெரிந்தால் அந்த அளவுகோலுக்குள் அவர் அகப்படுவதில்லை.

வீட்டிலும் ஊரிலும் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே அவர் எதற்கும் உதவாதவராகிவிடுகிறார். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் கண்ணைச் சொல்லியே தட்டிக்கழிப்பார்கள். இவற்றை விடவும் அதிகமாக அவரை முடக்குவது, அன்பினால் சொல்லப்படும் ஓர் அறிவுரை.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் சந்தித்த ஒரு சகோதரி, 2009 இல் எறிகணைச் சிதறல் பட்டு இடது கண்ணின் பார்வையை இழந்தவர். மீள்குடியேறிய பின்னர் அவருக்கு உதவியாக ஒரு தையல் மெசின் கிடைத்தது. தையல் அவருக்கு முன்பே தெரியும். ஆனால் தாயார் விடவில்லை. "இருக்கிற ஒரு கண்ணையும் தேய்ச்சுப் போடாதை பிள்ளை" என்பாராம். மெசின் சீலையால் மூடப்பட்டபடி வருடக்கணக்கில் மூலையில் கிடந்தது. அந்த வருடங்களில் அந்தக் குடும்பம் கடனில் சாப்பிட்டது.

கண் தேயுமா?

தேயாது. பாவிக்கப் பாவிக்கக் கரைவதற்குக் கண் சவர்க்காரக் கட்டி அல்ல. தைப்பதாலோ, வாசிப்பதாலோ, நெற்பொறுக்குவதாலோ எஞ்சிய கண்ணின் பார்வை குறைவதில்லை. நீண்டநேரம் நுணுக்கமான வேலை செய்தால் கண் களைக்கும், நீர் வடியும், தலை இடிக்கும். சிறிதுநேரம் தூரப் பார்வை பார்த்து, கண்ணை மூடி ஓய்வு கொடுத்தால் அது தீர்ந்துவிடும்.

இன்னொரு பயத்தையும் இங்கே தெளிவாக்க வேண்டும். 2009 இல் இருபத்தைந்து வயதில் இருந்தவர்கள் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார்கள். அந்த வயதில் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. கிட்ட உள்ளது மங்கலாகிறது. ஒரு கண்ணுடன் வாழும் பெண்ணோ "மற்றக் கண்ணும் போகத் தொடங்கிவிட்டது" என்று கலங்கிப்போகிறார். பரிசோதித்து ஒரு வாசிப்புக் கண்ணாடி போட்டால் ஊசிக் காது மீண்டும் தெரியும்.

மூளை கற்றுக்கொள்ளும்

இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை தூரத்தைக் கணிக்கிறது. ஒரு கண் போனதும் இந்தக் கணக்குத் தடைப்படுகிறது. கையெட்டும் தூரத்தில்தான் சிரமம் அதிகம். கோப்பைக்கு வெளியே தேநீர் ஊற்றுப்படும், படியில் கால் தவறும். இரு கண்களால் ஏறத்தாழ 180 பாகை அகலம் தெரிந்தது, ஒரு கண்ணால் ஏறத்தாழ 150 பாகையாகக் குறையும். அதனால் பார்வை இல்லாத பக்கத்தில் கதவு நிலையும் ஆட்களும் மோதுப்படும்.

ஆனால் மூளைக்கு வேறு வழிகளும் தெரியும். எது எதை மறைக்கிறது, நிழல் எங்கே விழுகிறது, தலையை அசைக்கும்போது எந்தப் பொருள் கூடுதலாக நகர்கிறது என்பவற்றைக் கொண்டு தூரத்தை அளக்கப் பழகிவிடும். இதற்குச் சில மாதங்கள் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். வேலை செய்யச் செய்யத்தான் இந்தப் பழக்கம் வரும். கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் வராது.

இந்திய கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி 1961 இல் வாகன விபத்தொன்றில் வலது கண்ணின் பார்வையை இழந்தார். அடுத்த வருடமே, 21 வயதில், இந்திய டெஸ்ட் அணியின் தலைவரானார். பெண்களில் உதாரணம் தேடினால் எமது மண்ணோடு தொடர்புடைய ஒருவரே இருக்கிறார். அமெரிக்கப் பத்திரிகையாளர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் வன்னியில் செய்தி சேகரித்துவிட்டு, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு இரவில் கடந்துவர முயன்றபோது வெடிச்சிதறல் பட்டு இடது கண்ணின் பார்வையை இழந்தார். கறுப்புக் கண்மறைப்புடன் அவர் தன் தொழிலைத் தொடர்ந்தார். 2012 பெப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்படும் வரை போர்முனைகளிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வேலையில் கைகொடுக்கும் முறைகள்

தேநீர் ஊற்றும்போது கேத்திலின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் தொடவைத்து ஊற்றுங்கள். ஊசி கோர்க்கும்போது பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஊசி கோர்க்கும் சிறு கம்பியும் கடைகளில் உண்டு. மெசினுக்கு அருகே ஒரு விளக்கு வையுங்கள். காய்கறி வெட்டும்போது பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று அடித்துவிட்டால் இறங்குவது எளிது.

வீதியைக் கடக்கும்போது கண்ணைத் திருப்பினால் போதாது, தலையையே முழுமையாகத் திருப்ப வேண்டும். எமது வீதிகளில் சைக்கிளில் இடப்பக்கமாகப் போகும்போது வாகனங்கள் வலப்பக்கமாகவே முந்திச் செல்கின்றன. வலது கண்ணை இழந்தவர்கள் கைபிடியின் வலப்பக்கத்தில் ஒரு கண்ணாடியைப் பூட்டிக்கொள்வது நல்லது. கூட வருபவரைப் பார்வை இல்லாத பக்கத்தில் நடக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கிளிநொச்சிச் சகோதரியும் இப்படித்தான் பழகினார். முதலில் தலையணை உறைகள், பின்பு பாடசாலைச் சீருடைகள். "முதல் மாதம் தைச்சதை விடப் பிரிச்சதுதான் கூட" என்று சிரிக்கிறார். இப்போது தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னர் அவருக்கு நித்திரைக்கே நேரம் இல்லை.

உண்மையான ஆபத்து எது?

எஞ்சிய கண்ணுக்கு ஆபத்து உழைப்பிலிருந்து வருவதில்லை. காயத்திலிருந்தும் கவனயீனத்திலிருந்தும்தான் வருகிறது.

விறகு கொத்தும்போது, நெல் தூற்றும்போது, பனை ஈர்க்கு கிழிக்கும்போது, கடுகு தாளிக்கும்போது கண்ணாடி அணியுங்கள். பார்வைக்குக் கண்ணாடி தேவையில்லாதவர்களும் பவர் இல்லாத, உடையாத பிளாஸ்ரிக் வில்லை போட்ட கண்ணாடியைப் பாவிக்கலாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே சுத்தமான நீரால் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவியபின் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். தூசியோ உமியோ பட்டால் தாய்ப்பாலோ மூலிகைச் சாறோ விடவேண்டாம். அதனால் கிருமி தொற்றிக் கருவிழியில் புண் வரலாம்.

காயப்பட்ட கண்ணையும் மறந்துவிடக்கூடாது. கண்ணைத் துளைத்த காயம் சிலவேளைகளில் மறுகண்ணிலும் அழற்சியை உண்டாக்கும். இது அரிது. ஆனால் காயம்பட்டுச் சில வாரங்களிலோ மாதங்களிலோ, பல வருடங்களின் பின்னருங்கூட வரலாம். பார்வையற்றோருக்கான எழுத்தை உருவாக்கிய லூயி பிறெயில் மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் ஒரு கண்ணைத்தான் காயப்படுத்திக்கொண்டார். ஐந்து வயதாகும்போது இரண்டு கண்களும் போய்விட்டன. இன்று இதற்கு மருந்து உண்டு. நல்ல கண் சிவந்தால், வெளிச்சத்தில் கூசி வலித்தால், பார்வை மங்கினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பழைய காயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கண்ணிலோ தலையிலோ இரும்புச் சிதறல் தங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அந்தக் காந்தம் சிதறலை நகர்த்திவிடக்கூடும். நீரிழிவு உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.

கேட்கத் தயங்க வேண்டாம்

அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலைக்கு ஆள் சேர்ப்பதிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, வைத்திய அறிக்கையுடன் உங்கள் நிலைமையைப் பதிவு செய்யுங்கள். நாம் கேட்காத வரை எமது பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

குடும்பத்தவருக்கும் ஒரு வேண்டுகோள். "கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்" என்று எமது முன்னோர் சொன்னது காலம் தாழ்த்துபவர்களை நோக்கித்தான். எஞ்சிய கண்ணைக் காப்பாற்ற விரும்பினால் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், கண் சிகிச்சை நிலையத்துக்குக் கூடப் போங்கள், வீட்டில் வெளிச்சம் போதுமா என்று பாருங்கள். அவருடைய கையிலிருந்து வேலையைப் பறிக்காதீர்கள்.