உங்களுக்குத் தெரியுமா? டயருக்கு வலு தந்த கரி
தொடக்க கால மோட்டார் டயர்கள் கறுப்பாக இல்லை. துத்தநாக ஆக்சைடு கலந்த ரப்பரால் வெளிர் நிறத்தில் இருந்தன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வல்கனைசேஷன் முறை ரப்பருக்கு மீள்திறனைத் தந்தாலும், சாலைத் தேய்மானத்தைத் தாங்க அது போதவில்லை. 1904இல் லண்டன் சில்வர்டவுன் ஆலையில், அதுவரை பெரும்பாலும் மைக்கும் சாயத்துக்கும் பயன்பட்ட கார்பன் பிளாக் எனும் நுண்கரித்தூள் ரப்பரை வலுவாக்குவது தெரியவந்தது. நானோமீட்டர் அளவிலான அதன் துகள்களை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதனால் டயர் எளிதில் கிழியாது, தேய்வதும் மெதுவாகவே. புற ஊதாக் கதிர்களையும் கரி உறிஞ்சிவிடும்.

1990களில் மிஷலின் நிறுவனம் கரியின் பெரும்பகுதிக்குப் பதில் சிலிக்காவைச் சேர்த்தது. சிலிக்கா ரப்பருடன் எளிதில் ஒட்டாது என்பதுதான் சிக்கல்; இரண்டையும் பிணைக்கச் சிலேன் என்ற வேதிப்பொருள் வேண்டும். அப்படிச் செய்த டயர் உருளும்போது வீணாகும் ஆற்றல் குறைவு. எரிபொருள் மிச்சமாகிறது, ஈரச்சாலையிலும் பிடிப்பு நன்றாக இருக்கிறது.