கோடில்லாத பின்னம்

1950களின் அமெரிக்காவில் பார்வையற்ற மாணவர் ஒருவருக்குக் கால்குலஸ் புத்தகம் வேண்டுமென்றால், யாராவது பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்தான். புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள், நடுவில் இடைவெளி விசை. தவறு விழுந்தால் எழும்பிய புள்ளியை நசுக்கித் தட்டையாக்குவார். முடியாவிட்டால் பக்கத்தையே மறுபடி அடிப்பார்.

கணிதத்துக்குக் கையில் இருந்த பிரெய்ல் குறிமுறை நெமத்துடையது. பார்வையற்ற கணிதப் பேராசிரியர் ஆப்ரகாம் நெமத் உருவாக்கி, 1952இல் வெளிவந்தது. பின்னத்தை 1-4-5-6 புள்ளிகளால் திறந்து, நடுக்கோட்டுக்கு 3-4 வைத்து, 3-4-5-6இல் மூடுவார்கள். அடைப்புக்குறிக்குள் மேலே 5, கீழே 2, நடுவே கோடில்லை என்றால் அது பின்னமல்ல, ஐந்திலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை. இதை அடிப்பவரின் கண்ணே கண்டுபிடித்துவிடும். எக்ஸ் சாய்வாக இருப்பது அச்சக வழக்கம், அதை விட்டுவிடலாம்; தடித்த வி ஒரு வெக்டர், அதற்கு முன்னால் 4-5-6 போட்டாக வேண்டும். இந்தத் தேர்வெல்லாம் அவர் தலைக்குள் நடந்தது.

1998இல் வலைத் தரநிலைகளை வகுக்கும் W3C அமைப்பு, சமன்பாடுகளை டேக்குகளாக எழுதும் மேத்எம்எல்லை வெளியிட்டது. 2002இல் ஜான் பாயர் எழுத்தைப் பிரெய்லாக மாற்றும் லிப்லூயி மென்பொருளைத் தொடங்கினார். அதன்மேல், மேத்எம்எல் உள்ள கோப்புகளையும் பிரெய்லாக்கும் லிப்லூயிஎக்ஸ்எம்எல் எழுந்தது. பாயர் பிறவியிலேயே பார்வையற்றவர், பிறகு செவித்திறனையும் இழந்தவர். மாதக்கணக்கில் நடந்த வேலை இப்போது நொடிக்கணக்கு. ஆனால் மென்பொருள் பக்கத்தைப் பார்ப்பதில்லை, டேக்கைத்தான் படிக்கிறது. அங்கேதான் சிக்கல்.

மேத்எம்எல்லில் பின்னத்துக்கும் அந்தத் தேர்வு எண்ணுக்கும் டேக் ஒன்றுதான், எம்ஃபிராக். வேறுபாடு முழுவதும் ‘லைன்திக்னெஸ்’ என்று டேக்கோடு வரும் ஒரே அட்ரிபியூட்டில் இருக்கிறது: கோட்டின் தடிமன் பூஜ்யம். டேக்கின் பெயரை மட்டும் பார்த்து நகரும் நிரல் 10ஐ இரண்டரையாக்கிவிடும். விரலால் படிக்கும் மாணவருக்குச் சந்தேகப்படக் காரணமே இருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் சுத்தமாக விழுந்திருக்கும். கையால் அடித்தவரின் பிழை ஒரு வரியோடு போனது. விதியில் உள்ள பிழை புத்தகம் முழுக்கப் பரவும்.

பாயரின் தீர்வு எனக்குப் பிடித்தமானது. என்ன செய்ய வேண்டும், எதைக் கண்டால் செய்ய வேண்டும் என்று வரிக்கு வரி சொல்லும் தனிக் கோப்பு ஒன்றை வைத்தார். ‘எதைக் கண்டால்’ என்ற இடத்தில் வெறும் டேக்கை எழுதலாம். காற்புள்ளியிட்டு அட்ரிபியூட்டைச் சேர்க்கலாம். இன்னொரு காற்புள்ளியிட்டு அதன் மதிப்பையும் சேர்க்கலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் அந்தக் கோப்பைத் திறந்து திருத்த முடியும். அன்று அடிப்பவரின் தலைக்குள் இருந்த விவேகம் இப்படித்தான் எழுத்துக்கு வந்தது.

ஒன்றைச் சுற்றியோ குறுக்கேயோ கோடிடும் எம்என்க்ளோஸ் என்ற டேக்குக்கு இந்த வசதி இல்லாமல் கதியில்லை. அதன் ‘நொடேஷன்’ அட்ரிபியூட்டின் மதிப்பு ஒன்றானால் நெடுவகுத்தல், இன்னொன்றானால் பெட்டி, மற்றொன்றானால் குறுக்கே அடித்த எண். எழுத்தின் நிறத்தையும் அளவையும் பொதுவாகத் தூக்கிப் போட்டுவிடலாம் (‘சிவப்பில் உள்ளதைக் கவனிக்கவும்’ என்று எழுதும் பாடநூலாசிரியரை என்ன செய்வது?). எழுத்தின் வகையைச் சொல்லும் ‘மேத்வேரியன்ட்’ விஷயத்தில் அப்படி முடியாது. தடிப்பை வைத்துக்கொண்டு சாய்வை மட்டும் விட வேண்டும்.

இன்று நீல் சோய்ஃபரின் மேத்கேட் போன்ற நிரல்கள் திரையில் இருக்கும் சமன்பாட்டை அப்படியே பிரெய்ல் காட்சிப் பட்டைக்கு அனுப்புகின்றன. ஆனால் வெக்டரின் தடிப்பை மேத்எம்எல்லில் சொல்லாமல் பக்கத்தின் தோற்றத்தை மட்டும் வகுக்கும் சிஎஸ்எஸ் அலங்காரமாகப் போட்டிருந்தால், அது வெக்டர் என்று நிரலுக்குத் தெரிய வழியில்லை. இதற்காகத்தான் மேத்எம்எல் 4இன் வரைவில் ‘இன்டென்ட்’ என்ற அட்ரிபியூட் வந்திருக்கிறது. இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ளது மட்டு மதிப்பா, அணிக்கோவையா என்று எழுதியவரே அதில் சொல்லிவிடலாம். சொல்வதற்கு அவர் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.