போறணையும் பூட்டும்

கச்சான் காற்று ஓயாது வீசி, வள்ளங்கள் கரையிலே கிடக்கும் நாட்களில் நம் வீடுகளுக்குக் கைகொடுப்பது ரின் மீனே. அது மாதக்கணக்கில் கெடாதிருப்பது எங்ஙனம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்றுப்புகாத தகரத்துள்ளும் பெருகவல்ல நச்சுக் கிருமியொன்று உண்டு. அதன் வித்துகள் வெறுங் கொதிநீரின் வெப்பத்துக்கு மடிவனவல்ல. ஆதலால், அடைத்து மூடிய தகரங்களைப் பெரிய நீராவிப் போறணையினுள் தள்ளி, கதவை இறுக அடைத்து, கொதிநிலையினும் மிக்க வெப்பத்திலே அவிக்கின்றனர். உண்பவரைக் காக்கும் அந்தப் போறணை உழைப்பவர் ஒருவரின் உயிரை வாங்கிய வரலாற்றையே, நேயர்களே, இன்று கூற எண்ணுகின்றேன்.

கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா பே ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிலே பம்பிள் பீ கம்பனியாரின் சூரைமீன் தொழிற்சாலை இருந்தது. 2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் 11 ஆந் திகதி, விடியுமுன்னர், தொழிலாளி ஒருவர் 35 அடி நீளமான போறணையொன்றினுள் வேலையாக நுழைந்தார். அவரைக் காணாத சக தொழிலாளர், மலசலகூடத்துக்குச் சென்றிருப்பார் என்றெண்ணி, 12,000 இறாத்தல் மீனை உள்ளே ஏற்றிப் போறணையை இயக்கிவிட்டனர். பின்னர் ஆளைக் காணவில்லையென்று ஒலிபெருக்கியில் அழைத்தனர். வாகனத் தரிப்பிடம் வரை சென்று தேடினர். அதற்கிடையே போறணையின் வெப்பம் 270 பாகை பரனைற்றை எட்டியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் கதவு திறக்கப்பட்டபோதே அவரது உடல் காணப்பட்டது.

குற்றம் யாருடையது? விசையை இயக்கிய கையே என்று சொல்லிவிடுதல் எளிது. நான் பாடசாலை அதிபர். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், தலையெண்ணிப் பாராமல் பேருந்தைப் புறப்பட விடமாட்டார். அவர் மறதியற்றவர் என்பதனாலன்று. எண்ணாமற் புறப்படலாகாது என்று விதி செய்துவைத்திருக்கின்றோம். விதி செய்யாத பாடசாலையிலே பிள்ளை ஒன்று தவறுமாயின், பேருந்துச் சாரதியை ஏசுவது நியாயமாகுமோ?

தொழிற்சாலைக்கும் இத்தகைய விதி உண்டு. இயந்திரத்தினுள் இறங்குபவர் முதலில் அதன் விசையை நிறுத்தி, அவ்விசையின்மீது தமது பூட்டையே மாட்டவேண்டும். திறப்பு அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கும். மூவர் இறங்கினால் மூன்று பூட்டுகள். மூன்றும் கழன்றாலன்றி இயந்திரம் அசையாது. வெளியே நிற்பவர் மறந்தாலும், பிழையாக ஊகித்தாலும் கேடில்லை. இதற்கு வேண்டுவன சில பூட்டுகளும், அவற்றை மாட்டாமல் எவரும் நுழையலாகாதென்று பயிற்றி, நாள்தோறும் கண்காணிக்கும் மேலிடமுமே. பூட்டு மலிவு, கண்காணிப்புக்குத்தான் செலவு. அந்தச் செலவைச் செய்யவேண்டியவர் முதலாளியேயன்றித் தொழிலாளியல்லர்.

மாநிலத்தின் தொழிற் பாதுகாப்புத் திணைக்களம் 2013 இல் ஏறத்தாழ 74,000 டொலர் தண்டம் விதித்தது. காரியம் அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் 2015 ஏப்ரிலில் லொஸ் ஏஞ்சலீஸ் மாவட்ட வழக்குத் தொடுநர், பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறி மரணம் விளைவித்ததாகக் குற்றவியல் வழக்குத் தொடுத்தார். எதிரிகளாக நிறுத்தப்பட்டோர் கம்பனியும், தொழிற்சாலைப் பணிப்பாளரும், முன்னாட் பாதுகாப்பு முகாமையாளருமாவர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சட்டத்தின் கண்ணிலே கம்பனியும் ஓர் ஆளே. ஆயினும் அதனைச் சிறையில் அடைத்தல் இயலாது. ஆகவே பணத்தாலேயே அதற்கு உறைக்கச் செய்யவேண்டும். அவ்வாண்டு ஓகஸ்டில் கம்பனி 60 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஒரே தொழிலாளியின் சாவு தொடர்பாக அம்மாநிலத்தில் அதுவரை அறியப்பட்டவற்றுள் அதுவே மிகப் பெருந்தொகை என வழக்குத் தொடுநர் அலுவலகம் கூறிற்று. முகாமையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்பட்டார். பணிப்பாளருக்குத் தண்டத்துடன் 320 மணி நேரச் சமூகசேவை. எவரும் சிறைசெல்லவில்லை. இது போதுமா என்று என்னைக் கேட்டால், போதாது என்றே சொல்வேன்.

எனினும் அத்தொகை பங்கிடப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. 15 இலட்சம் டொலர் இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு. சரிபாதியான 30 இலட்சம், பழைய போறணைகளை அகற்றிப் புதியனவற்றை அமைப்பதற்கு. புதியவை தாமே இயங்குவன. உட்புறத்தைப் படக்கருவி காட்டும். தொழிலாளர் அவற்றினுள் நுழையவே வேண்டியதில்லை.