நாக்கைத் தீட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போங்கள்!

"ஓட்டல் தோசை எவ்வளவு மொறுமொறுவென்று இருக்கிறது! நம் வீட்டில் மட்டும் ஏன் வெளுத்துப் போய் வருகிறது?"

இந்தக் கேள்வி காதில் விழாத குடும்பத் தலைவி உண்டா? விழுந்தால் கோபம் வரும்; நியாயம்தான். ஆனால் கோபத்தைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள், சகோதரிகளே. அடுத்த முறை ஓட்டலுக்குப் போகும்போது, பரீட்சைத் தாள் திருத்தும் வாத்தியாரம்மா மாதிரி போய் உட்காருங்கள். அங்கே கைத்திறமை எது, கண்கட்டு வித்தை எது என்று பாருங்கள். முன்னதை வீட்டுக்குக் கொண்டு வரலாம். பின்னதை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

தோசைக்குத் தாராளமாகத் தொண்ணூறு மார்க்குப் போடலாம். அந்த முறுகலுக்கு மந்திரப் பொடி எதுவும் இல்லை. கனமான இரும்புக் கல்தான் காரணம். விடியற்காலையிலிருந்து காய்ந்துகொண்டிருக்கும் கல்லில் மாவு விழுந்தாலும் சூடு இறங்குவதில்லை. நாமோ ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே மெல்லிய கல்லில் ஊற்றுகிறோம். கல் சூட்டை இழந்துவிடுகிறது. தோசை முறுகாமல் வெறுமனே வேகிறது. மாவை அரை மணி முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். கனமான கல்லை நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, மாவைத் தேய்த்த பிறகு தீயைக் கூட்டுங்கள். உளுந்தோடு ஒரு டீஸ்பூன் வெந்தயமும் ஒரு கைப்பிடி கடலைப் பருப்பும் ஊறப் போட்டால் பொன்னிறம் தானே வரும்.

ரவா தோசையிலும் வித்தை ஒன்றுமில்லை. ரவையும் அரிசி மாவும் சம அளவு, அதில் கால் பங்கு மைதா. நீர் மோர் மாதிரி கரைத்து இருபது நிமிஷம் ஊற வையுங்கள். மாவு அடியில் தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் கலக்கி, ஓரத்திலிருந்து உள்நோக்கித் தெளித்தாற்போல ஊற்றுங்கள். கரண்டியால் தேய்த்தால் கண் கண்ணாக வராது.

வடைக்கு மார்க்குப் போடும்போது கை சற்றுத் தயங்கட்டும். உப்பியிருக்கிறதே என்று மயங்காமல், பிட்டு அழுத்திப் பாருங்கள். எண்ணெய் சொட்டினால், சோடா உப்பு கூடியிருக்கலாம். அல்லது எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டிருக்கலாம். சோடா உப்பு பருப்பிலுள்ள பி1 விட்டமினையும் கெடுத்துவிடும். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அரைத்து, கையால் நன்றாக அடியுங்கள். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் வடை பஞ்சுதான்!

எண்ணெயையும் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரை கட்டும். அதில் சேரும் வேண்டாத பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்ற விதி, 2018 ஜூலை முதல் நம் நாட்டில் அமலில் இருக்கிறது. வீட்டிலும் அந்தக் கண்டிப்பு நல்லது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்பதற்குச் செலவழித்துவிடுங்கள்.

சாம்பாரில் முதலில் வாசனையைப் பாருங்கள். வறுத்த மல்லியும் வெந்தயமும் மணந்தால் அது திறமை. குழகுழவென்று இருந்து பருப்பே தட்டுப்படாவிட்டால், மாவு கரைத்து ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். வீட்டில் மல்லி, கடலைப் பருப்பு, மிளகாய், சிறிது வெந்தயம் ஆகியவற்றை அன்றன்றைக்கே வறுத்து அரையுங்கள். பருப்பைத் தனியாகக் குழைய வேகவிட்டு, புளியின் பச்சை வாசனை போன பிறகு சேருங்கள். புளித் தண்ணீரில் பருப்பு எளிதில் வேகாது.

இத்தனையும் செய்தபின் ஒரு குறை மட்டும் மிஞ்சும். ஓட்டல் தோசை கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறது; அதுதான் அதன் பாதி ருசி. வீட்டில் அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் உண்டு, வார்ப்பவளைத் தவிர! அவள் கடைசியில், ஆறிப்போன தோசையை மிஞ்சிய சட்னியோடு விழுங்குகிறாள். ஓட்டல் சாப்பாடு பெண்களுக்கு ஏன் அவ்வளவு இனிக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை கரண்டியை வீட்டுக்காரர் கையிலோ, பிள்ளை கையிலோ கொடுத்துவிட்டு நீங்கள் தட்டின் முன் உட்காருங்கள். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும்! மூன்றாவது தோசை சுடச் சுட உங்கள் தட்டில் விழும். அதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கு நூறு போடுங்கள்.