கரு கலைந்த பிறகு இன்டர்நெட்டில் எதைத் தேடுவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட்டில் ரயில் நேரம் தேடுவார்கள், பரீட்சை முடிவு தேடுவார்கள். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத கேள்விகளையும் அதே கட்டத்தில்தான் டைப் செய்கிறோம். அப்படிப்பட்ட ஒரு தேடலைப் பற்றி இங்கு பார்க்கலாம்.

நான் சாஃப்ட்வேர் என்ஜினீயர். சொந்த ஊர் நாகர்கோவிலை அடுத்த இராஜாக்கமங்கலம். சென்ற ஆண்டு ஒன்பதாவது வாரத்தில் என் கரு கலைந்தது. ஓய்வுக்காக ஊருக்கு வந்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். "ராவும் பகலும் கம்ப்யூட்டர் முன்னால இருக்கேல்லா மக்களே, அந்தச் சூடாக்கும் காரணம்." அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் லேப்டாப்பை எடுத்து பீரோவுக்கு மேல் வைத்துவிட்டார்.

எல்லோரும் தூங்கிய பிறகு அதை எடுத்து, கம்ப்யூட்டருக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு உண்டா என்று தேடினேன். 1988-இல் வட கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு கிடைத்தது. வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் மானிட்டர் முன் வேலை செய்த பெண்களிடம் கருச்சிதைவு அதிகம் என்றது. அத்துடன் மூடியிருந்தால் உறவினர்கள் சொன்னதே சரி என்று ஆகியிருக்கும். இன்டர்நெட்டில் மருத்துவம் படிப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்: எந்த வருடத்துச் செய்தி, அதற்குப் பிறகு என்ன வந்தது என்று பாருங்கள். வேலைப் பளு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். 1991-இல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், டெலிபோன் ஆபரேட்டர்களை இரண்டு பிரிவாக ஒப்பிட்டது. மானிட்டரில் வேலை செய்தவர்கள் ஒரு பக்கம், செய்யாதவர்கள் மறுபக்கம். கருச்சிதைவில் வித்தியாசம் இல்லை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு இது. அதுவும் அந்தக் காலத்துப் பெரிய குழாய் மானிட்டர்களை வைத்து! இன்றைய எல்.சி.டி. திரையில் அந்தக் குழாயே கிடையாது.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன. ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்கு, கருவின் குரோமோசோம் எண்ணிக்கை தற்செயலாகக் கூடியோ குறைந்தோ அமைவதுதான் காரணம். குடம் தூக்கியதோ, பஸ்ஸில் போனதோ அல்ல. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ், பிரிட்டனின் என்.எச்.எஸ். ஆகிய தளங்களில் இவற்றை எளிய ஆங்கிலத்தில் படிக்கலாம். குரோம் பிரவுசரில் பக்கத்தின் மீது ரைட் க்ளிக் செய்தால் தமிழுக்கு மாற்றும் வசதியும் உண்டு.

மொழிமாற்றத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்' என்று எழுதியிருப்பார்கள். மருத்துவ மொழியில் இதற்குப் பொருள் தானாகக் கலைந்தது என்பதே. மொழிமாற்றியோ அதைக் 'கருக்கலைப்பு' என்று தரக்கூடும். படிக்கும் மாமியாருக்கு வேறு அர்த்தம் போய்ச் சேரும்! 'மிஸ்டு அபார்ஷன்' என்றால் கருவின் வளர்ச்சி நின்றும் அது வெளியேறாமல் கருப்பைக்குள்ளேயே இருப்பது. தமிழில் தேடும்போது 'கருச்சிதைவு' என்றே டைப் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் தேடலுக்கு உரியது அல்ல. ரத்தப்போக்கு அதிகமானாலோ, காய்ச்சலோ நாற்றமுள்ள கசிவோ இருந்தாலோ கம்ப்யூட்டரை விட்டு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

இன்னொரு தொல்லை விளம்பரங்கள். நான் முன்பு தேடியதை நினைவில் வைத்துக்கொண்டு, தொட்டிலும் டயப்பரும் திரையில் வந்துகொண்டே இருந்தன. 2018-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜில்லியன் பிராக்கெல், குழந்தை இறந்தே பிறந்த பிறகும் இப்படி விளம்பரங்கள் வந்ததைப் பற்றி டெக்னாலஜி நிறுவனங்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இப்போது வழி இருக்கிறது. கூகுள் அக்கவுண்ட்டில் நுழைந்து 'மை ஆட் சென்டர்' திறந்து, சென்சிடிவ் பிரிவில் 'பிரெக்னன்சி அண்ட் பேரன்டிங்' என்பதை ஆஃப் செய்திடுங்கள். விளம்பரங்கள் குறையும்; அடியோடு நிற்காது. கர்ப்பகால ஆப்பை வெறுமனே அன்இன்ஸ்டால் செய்தால் போதாது. அக்கவுண்ட் அங்கேயே இருக்கும். "உங்கள் குழந்தை இந்த வாரம்" என்று மெயில் வந்துகொண்டிருக்கும். பல ஆப்களில் கரு கலைந்ததைத் தெரிவிக்கும் வசதி செட்டிங்ஸில் உள்ளது. அதைப் பயன்படுத்துங்கள், அல்லது அக்கவுண்ட்டையே டெலிட் செய்யுங்கள்.

பேச ஆள் வேண்டும் என்றால்? பிரிட்டனில் மிஸ்கேரேஜ் அசோசியேஷன் 1982 முதல் இயங்குகிறது. அதன் தளத்தில் கணவர்களுக்கும் தனிப் பக்கம் உண்டு. என் கணவர் வாய் திறந்து பேசியது அதைப் படித்த பிறகுதான். தமிழில் பேச, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் சேர்பவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பெயரோடு போட வேண்டாம். வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தித் தேடுங்கள், ஹிஸ்டரியில் பதியாது.

கடைசியாக லீவு. பிழைப்புக்கு மிகவும் உதவிய தேடல் எனக்கு இதுதான். எங்கள் அலுவலகத்தில் மூன்று நாள் சிக் லீவு போடச் சொன்னார்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, கரு கலைந்தால் சம்பளத்துடன் 6 வாரம் விடுப்பு தந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 6 வாரம் உண்டு. மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் சட்டத்தை இலவசமாக டவுன்லோட் செய்யலாம். விடுப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை ஸ்கேன் செய்து, சட்டத்தின் அந்தப் பக்கத்தோடு ஒரே மெயிலில் இணைத்து அனுப்புங்கள்.