இறங்காத விரையும் நுண்துளை அறுவை சிகிச்சையும்: பெற்றோர் அறிய வேண்டியவை

பச்சிளம் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டியோ தாயோதான், விதைப்பையின் ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதைப் பெரும்பாலும் முதலில் கவனிக்கின்றனர். தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகத்திலும் கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் ஷிப்ட் முறையில் பணிபுரியும் பெற்றோருக்கு, மருத்துவமனைக்கென ஒரு நாளை ஒதுக்குவது எளிதன்று. ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலும் சேர்ந்துகொள்ள, மாதங்கள் ஆண்டுகளாகிவிடுகின்றன. அத்தாமதத்தைத் தவிர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் காத்திருக்கக் கூடாது?

விரைகள் கருவின் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன்னர் விதைப்பைக்கு இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இது முழுமையடைவதில்லை. குறைமாதக் குழந்தைகளில் இந்த விகிதம் மேலும் அதிகம். பலருக்கு முதல் 6 மாதங்களுக்குள் விரை தானாகவே இறங்கிவிடும். அதன்பின் இறங்குவது அரிது.

விதைப்பையின் வெப்பம் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவு. வயிற்றின் சூட்டிலேயே தங்கிவிடும் விரையில், விந்தணுக்களுக்கு மூலமான செல்கள் படிப்படியாகக் குறைகின்றன. பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. ஆகவே 6 முதல் 18 மாத வயதுக்குள் சிகிச்சை செய்வதே நன்று.

நுண்துளை முறை யாருக்கு?

கையால் தொட்டு உணரக்கூடிய விரையைத் தொடையிடுக்கில் சிறு கீறலிட்டே இறக்கிவிடலாம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு விரை கைக்குத் தட்டுப்படாது. ஸ்கேன் பரிசோதனையாலும் அதன் இருப்பை உறுதியாகக் கூற இயலாது. 1976ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர்கள் இதற்கு லேப்ராஸ்கோப்பியைப் பயன்படுத்திக் காட்டினர்.

முழு மயக்கத்தில், தொப்புளருகே சுமார் 5 மில்லிமீட்டர் துளையிட்டு, கரியமில வாயுவால் வயிற்றைச் சற்றே விரித்து, கேமராவைச் செலுத்துகிறோம். விரை அருகிலிருந்தால் அப்போதே இறக்குகிறோம். மிக உயரத்தில் இருந்து, இரத்தக்குழாய் குட்டையாக இருந்தால், ஃபௌலர், ஸ்டீபன்ஸ் ஆகியோர் 1959இல் விளக்கிய வழியை அடிப்படையாகக் கொண்ட முறையைப் பின்பற்றுகிறோம்: முதலில் அக்குழாயை அடைத்து, விந்துநாளத்தை ஒட்டிய சிறு குழாய்கள் வலுப்பெற ஏறத்தாழ 6 மாதம் காத்திருந்து, பின்னர் விரையை இறக்குகிறோம். இம்முறையில் சில விரைகள் சுருங்கிவிடக்கூடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே தெரிவிக்கிறோம்.

மிக அரிதான ஒரு நிலை

சில வேளைகளில், ஆண் குழந்தையின் வயிற்றுக்குள் கருப்பை போன்ற திசு இருப்பதைக் கேமரா காட்டும். கருவில் அத்திசுவைக் கரைக்க வேண்டிய ஹார்மோன் சுரக்காததோ, செயல்படாததோ இதற்குக் காரணம். இத்தகைய குழந்தை, குரோமோசோம்களாலும் வெளியுறுப்புகளாலும் ஆண் குழந்தையே. இதில் ஐயம் வேண்டாம். விந்துநாளம் அத்திசுவோடு ஒட்டிச் செல்வதால், அதனைக் காத்தபடியே விரைகளை இறக்க வேண்டும்.

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணு மாற்றத்தால் நேர்வது. எனவே நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் குழந்தைகளில் வாய்ப்பு கூடுதல். சகோதரர்களையும் பரிசோதிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் தாய் உண்ட உணவோ, கிரகணமோ இதற்குக் காரணமல்ல. தாயைக் குறை கூறுவதில் எவ்வித நியாயமும் இல்லை.

நினைவில் கொள்க

• வெந்நீரில் குளிப்பாட்டிய பின் விதைப்பையைக் கவனியுங்கள். அப்போது தசை தளர்ந்திருக்கும்.

• பிறந்த குழந்தைக்கு இரு விரைகளுமே தட்டுப்படாவிட்டாலோ, சிறுநீர்த் துளை இடம் மாறியிருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். 6 மாதம் காத்திருக்க வேண்டாம்.

• தொடையிடுக்கில் திடீர் வீக்கம், வலி, வாந்தி ஆகியவை அவசர நிலையின் அறிகுறிகள்.

• சிகிச்சைக்குப் பின் பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். இரண்டு வாரங்களுக்கு இடுப்பில் கால் அகற்றித் தூக்குவதையும், மூன்று சக்கர வண்டியில் அமர்த்துவதையும் தவிருங்கள்.

• இ.எஸ்.ஐ. காப்பீடு தொழிலாளரின் குழந்தைகளுக்கும் உரியது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ளது.

செலவை எண்ணியோ, கூச்சத்தாலோ நாள் கடத்தாதீர்கள். தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே ஒரு வார்த்தை கேளுங்கள்; சில நிமிடப் பரிசோதனையே வழிகாட்டப் போதுமானது.